சிலிண்டரின் தோளில் ஒரு சூலம்

என் மகள் கடலுக்கடியில் எடுத்த படங்களை முதன்முதலாகக் காட்டியபோது நான் அவற்றை நம்பவில்லை. செவ்வாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். ஒரு படத்தில் சுண்ணாம்புப் பாறையின் செங்குத்தான சுவர். அதில் விசிறிபோல விரிந்த பவளம், ஈரச் சாம்பலின் நிறத்தில். அடுத்த படத்தில் அதே சுவர், அதே பவளம். ஆனால் குழைத்த குங்குமத்தின் நிறம்.

"இது கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதுதானே?" என்றேன்.

"இல்ல நைனா. கீழ போவப் போவ சிவப்புதான் மொதல்ல காணாம பூடும். தண்ணி அதைக் குடிச்சிடும். லைட் அடிச்சாத்தான் திரும்ப வரும். மொதப் படம் லைட் இல்லாம எடுத்தது, ரெண்டாவது லைட் போட்டு எடுத்தது."

பக்கத்தில் அமர்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த மருமகன் சிரித்தார். "நீ வேற. அந்த மீனையே கூட்டியாந்து மாமா முன்னாடி நிறுத்தினாலும் ஆதார் கார்டு எங்கன்னு கேப்பாரு."

நான் சிரிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பதிகம் பாடி வருபவன் நான். இறைவனின் திருமேனியைப் பவளத்தோடு சேர்த்துப் பாடாத நாளில்லை. அந்தப் பவளம் தான் பிறந்த இடத்தில் சிவப்பாகவே தெரியாது என்றால், நான் இத்தனை காலம் பாடியது கரைக்கு வந்து செத்த பொருளின் நிறத்தையா? மறுநாள் பூசையில் திருநீறு பூசும்போது வேறொரு எண்ணம் வந்தது: செம்மேனியும் அதன்மேல் வெண்ணீறும் ஒருவருக்கே உரியவை அல்லவா, ஒரே பவளம் இரண்டு படத்திலும் இரண்டாகத் தெரிந்ததில் பிழை என்ன? மனம் நெகிழத்தான் செய்தது. ஆனாலும் அன்று மாலை மகளிடமிருந்து அந்த விளக்கை வாங்கி, கண்ணாடியைத் துடைத்து, உள்ளே சிவப்புத் தாள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

இந்தச் சந்தேகம் என் தொழில் கொடுத்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், வாயு அடைக்கும் சிலிண்டர்களைச் சோதித்துத் தரும் ஒரு கூடத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் அன்றைய பதிகங்களை மனத்துக்குள் ஓதி முடித்துவிடுவேன். பிறகு நாள் முழுவதும் சந்தேகம்தான். சிலிண்டரைக் காலி செய்து, வால்வைக் கழற்றி, விளக்கை உள்ளே விட்டுத் துரு இருக்கிறதா என்று பார்ப்போம். சுத்தியலால் மெல்லத் தட்டி, நாதம் நீண்டு ஒலிக்கிறதா, மட்டென்று அடங்குகிறதா என்று கேட்போம். பிறகு தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுப்போம். அழுத்தத்தில் இரும்பு சற்றே வீங்கும். அழுத்தம் நீங்கியதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாததைத் துளையிட்டு, ஆக்கருக்கு, அதாவது பழைய இரும்புக்கு, போட்டுவிடுவோம். தேறியதன் தோளில் சோதித்த மாதத்தையும் ஆண்டையும் குத்தி, பக்கத்தில் சோதித்தவர் பஞ்ச் எனப்படும் எஃகு அச்சால் தம் அடையாளக்குறியையும் குத்துவார். அந்தக் குறியைப் பார்த்துத்தான் ஊரில் எவரும் அந்தச் சிலிண்டரை நம்புவார்கள். கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சந்தேகசாமி. அதை நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

மகளும் மருமகனும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை செய்கிறார்கள். அவள் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில். அவர் பக்கத்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில். புதுச்சேரியில் கடலில் மூழ்கப் பழகி, அதன்பின் ஆண்டுக்கொருமுறை அந்தமானில் ஒரு சிறு தீவுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். சுண்ணாம்புப் பாறையாலான தீவு, உள்ளே குகைகள், அவற்றில் ஒன்று பாதி கடலுக்குள் மூழ்கியிருப்பது. செய்தி செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எட்டியது. என்னுடன் காலையில் நடைமேடையில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் விடவில்லை.

"இன்னா சார், பொண்ணு முத்துக் குளிக்கப் போவுதாமே? கெடச்சா எங்க ஊட்டம்மாவுக்கும் ஒரு மாலை சொல்லி வையி."

"முத்து இல்லய்யா, போட்டோ எடுக்குது."

"போட்டோவா? அதுக்கு மெரினாவுல குதிரை நிக்கிதே!"

அவர் கேலி எனக்கு ஒரு பொருட்டில்லை. என்னை அரித்தது வேறொன்று. முதுகில் ஒரு சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, அதிலிருக்கும் காற்றையே நம்பி, என் ஒரே மகள் தண்ணீருக்குள் போகிறாள். அந்தச் சிலிண்டரை யார் சோதித்தார்கள்? எந்த மாதம்? உள்ளே யாராவது விளக்கு விட்டுப் பார்த்தார்களா? கேட்கத் தொடங்கினால் என் கேள்விகள் நிற்கா. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் பொறுமை இழந்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது நைனா. நம்பிக்கை இல்லன்னா நீங்களே வந்து பாருங்க. டிக்கெட் போடட்டா?"

"போடு" என்றேன். அவள் எதிர்பார்க்கவில்லை.

தீவில் டைவிங் கடை நடத்துபவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கடற்கரை வரை வந்து எங்களை வரவேற்றார்; சிரித்துக்கொண்டே இருந்தார். அளவுக்கு மீறிச் சிரிப்பவர்கள்மேல் எனக்கு இயல்பாகவே ஐயம் எழும். அன்று மாலையே என் வேலையைத் தொடங்கினேன். படகின் கயிற்றைப் பார்த்தேன். மிதவை உடுப்புகளின் தையலை இழுத்துப் பார்த்தேன். ஒரு சிலிண்டரின் வால்வைச் சற்றே திறக்கச் சொல்லிக் காற்றை முகர்ந்தேன். எண்ணெய் வாடையோ புகை வாடையோ இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்தவற்றின் தோள்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தேதிகள் சரி. குறிகள் எனக்குத் தெரியாத எந்தெந்தக் கூடங்களுடையவையோ. ஆனால் ஒழுங்காகக் குத்தப்பட்டவை. காற்று அடைக்கும் இயந்திரம் இருந்த கொட்டகைக்குள் நுழையப் போனேன். அம்மாள் தடுத்தார்.

"உள்ள வேணாம்யா. மெஷின் ஓடுது, ஒரே அனல்."

அனல் எனக்குப் புதிதல்ல என்று சொல்லியும் அவர் கதவை விட்டு நகரவில்லை. அதை மனத்துக்குள் குறித்து வைத்துக்கொண்டேன்.

"மாமா, கடை பாஸா, ஃபெயிலா?" என்று மருமகன் கேட்டார்.

"இன்னும் பேப்பர் திருத்தி முடிக்கல."

என் மகள் அங்கே போவதெல்லாம் ஒரே ஒரு படத்துக்காக என்பது அந்தத் தீவில்தான் எனக்கு விளங்கியது. பாதி மூழ்கிய அந்தக் குகையின் கூரையில் ஒரு துளை உண்டு. ஆண்டில் சில நாள்களில் மட்டும் நண்பகல் வெயில் அதன் வழியே நேராக இறங்கி, தண்ணீருக்குள் தரைவரை ஒரு தூண்போல நிற்கும். அப்போது நீரோட்டமும் அடங்கியிருக்க வேண்டும். குகைக்குள் நான்கு ஆள் ஆழத்தில் இருந்துகொண்டு, அந்த ஒளித்தூணையும் அதைச் சுற்றிவரும் சிறு மீன்களையும் வெளிவாயிலின் நீலத்தையும் ஒரே சட்டத்தில் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் முறை மழை. இரண்டாம் முறை மருமகனின் கால்துடுப்பு அடியில் படிந்திருந்த சுண்ணாம்பு மண்டியைக் கலக்கிவிட்டது. படத்தில் பால்தான் இருந்தது. "அபிஷேகம் பண்ணிட்டாரு உங்க மாப்பிள்ள" என்று இன்றும் சொல்லிக் காட்டுவாள். மூன்றாம் முறை இது. நாங்கள் திரும்புவதற்கு முந்தைய நாள்தான் ஒளியும் நீரும் ஒத்துவரும் நாள்.

அன்று காலை படகில் நான், மகள், மருமகன், வழிகாட்டியாக அந்த அம்மாள், படகோட்டி ஆகிய ஐவர். நான்கு சிலிண்டர்கள் ஏற்றப்பட்டிருந்தன: மூவருக்கு மூன்று, கூடுதலாக ஒன்று. மஞ்சள் வண்ணம் பூசியவை. முந்தைய மாலை நான் பார்த்தவை சாம்பல் நிறத்தவை.

"இது நேத்து நான் பாத்தது இல்லையே?" என்றேன்.

"நேத்து நீங்க பாத்ததெல்லாம் கிட்டத்தட்ட காலியானதுங்க ஐயா. இது நிரப்பினது, உள்ள இருந்துச்சு" என்றார் அம்மாள், சிரித்துக்கொண்டே.

கொட்டகைக்குள் என்னை விடாததன் காரணம் இதுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நல்லவற்றை முன்வரிசையில் காட்டிவிட்டு, கெட்டவற்றைப் படகில் ஏற்றுகிறார். இதை எப்படி அவர் முகத்துக்கு நேராகச் சொல்வது என்று சொற்களைத் தேர்ந்துகொண்டே வந்தேன்.

தீவைச் சுற்றி வந்து குகையின் எதிரே நங்கூரம் போட்டார்கள். கடலுக்கு மேலே பாறை கருமை படிந்த வெண்மையாக நின்றது. அதன் காலடியை அலை அரித்து உள்வாங்கியிருந்தது. நீரில் இறங்குமுன் மூழ்குவோருக்கு ஒரு வழக்கம் உண்டு. இணையாகப் போகும் இருவரும் எதிரெதிரே நின்று, ஒருவர் உடுப்பை மற்றவர் சோதிக்க வேண்டும். வார், கொக்கி, எடைப்பட்டை, வால்வு, மூச்சுக்குழாய் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணவன் மனைவியானாலும் விதிவிலக்கில்லை. தீவில் நான் கண்டவற்றில் எனக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான். கூட வருபவரை நேசிப்பதாலேயே அவரைச் சந்தேகித்துச் சோதிக்கும் முறை.

மகள் மருமகனின் வால்வைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் முதுகுப்புறம் நான் அமர்ந்திருந்தேன். சிலிண்டரின் தோள் என் கண்ணுக்கு நேரே இருந்தது. குத்திய எழுத்துகளை மஞ்சள் வண்ணம் நிரப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, தேதி சரி. பக்கத்தில் இருந்த குறியையும் சுரண்டினேன். ஒரு சிறு சூலம். மூன்று இலைகளில் இடப்பக்கத்து இலை நுனி உடைந்து சற்றே குட்டையாக இருந்தது.

அது என் குறி.

கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவரவர் குறியை அவரவரே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் பெயரின் முதலெழுத்தை எடுத்தார்கள்; நான் சூலத்தைக் கேட்டு வாங்கினேன். சோதித்த ஒவ்வொரு சிலிண்டரின் தோளிலும் இறைவனின் படைக்கலம் காவலாக நிற்கட்டும் என்பது என் எண்ணம். இடப்பக்கத்து இலை பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தவறான அடியில் உடைந்தது. ஓய்வு பெறுபவரின் பஞ்சை, பிரிவுபசார நாளில் எல்லார் முன்னிலையிலும் சாணைச் சக்கரத்தில் வைத்து அதன் முகத்தைத் தேய்த்து அழித்துவிட வேண்டும். இது கூடத்தின் கண்டிப்பான வழக்கம். அப்போதுதான் அவர் பெயரால் வேறெவரும் குத்த முடியாது. என் முறை வந்தபோது நான் சம்மதிக்கவில்லை. சூலத்தைச் சாணைச் சக்கரத்தில் தேய்ப்பதா? அபசாரம் என்றேன். கூடத்தில் இருந்தவர்களும் பக்தியுள்ளவர்கள். அவர்களுக்கும் கை வரவில்லை. இறுதியில் அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தின் கீழே பலகையில் வைத்தோம். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கியது.

அது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. என் கண்ணெதிரே இருந்த சூலம் அதற்கு நான்கு ஆண்டுகள் பின்னர் குத்தப்பட்டது.

மற்ற மூன்றையும் பார்த்தேன். மகள் முதுகில் இருந்ததிலும் சூலம். அம்மாளுடையதிலும் சூலம். கூடுதலாக வைத்திருந்த ஒன்றில் மட்டும் வேறு கூடத்தின் குறி.

முறையாகச் சோதித்துவிட்டு, கைக்கு அகப்பட்ட பஞ்சை எடுத்துக் குத்தியிருக்கலாம். சோதிக்காமலே குத்தியிருக்கவும் கூடும். வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியாது. நேரமோ நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. குகை வாயிலின் நீர் மெல்லப் பச்சையாக ஒளிரத் தொடங்கியிருந்தது.

அப்போது நான் செய்தது பெருமைக்குரியதல்ல. மார்பைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு என்னமோ பண்ணுது. கரைக்குத் திருப்புங்க" என்றேன். உண்மையைச் சொல்லாமலே அவளை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. முப்பத்தோரு ஆண்டு நற்பெயர் ஒரு நொடியில் எனக்கு மகளைவிடக் கனமாக இருந்திருக்கிறது, வேறெப்படிச் சொல்வது?

மருமகன் பதறி ஓடிவந்தார். அம்மாள் எலுமிச்சைச் சாற்றை நீட்டினார். மகள் மட்டும் நகரவில்லை. முகமூடியை நெற்றிக்கு ஏற்றி என்னை உற்றுப் பார்த்தாள்.

"நைனா, பொய் சொல்றீங்க."

"இன்னா பேச்சு இது?" என்றார் மருமகன். "மாமாவுக்கு வேர்த்து ஊத்துது, நீ பாட்டுக்கு..."

"நெஞ்சு வலிச்சா வலது பக்கத்தைப் புடிப்பாங்களா? சிலிண்டரச் சுரண்டிக்கினு இருந்தாரு, நான் பாத்தேன். அதுல இன்னா பாத்தீங்க? சொல்லுங்க. போலாமா, வேணாமா?"

அவள் யார் மகள் என்பது எனக்கு அப்போது முழுமையாகத் தெரிந்தது.

"வேணாம்" என்றேன்.

அம்மாள் முன்வந்தார். "ஏன் ஐயா? டெஸ்ட் தேதி இருக்கே. கப்பல்ல மெட்ராசுக்கு அனுப்பி, பண்ணி வாங்கினது. சர்ட்டிபிகேட் எல்லாம் கடையில வெச்சிருக்கேன். இந்தச் சூலக்குறி ரொம்ப நல்ல கைன்னு சொல்லுவாங்க. அதைப் பாத்துத்தான் நான் அங்கயே அனுப்பினேன்."

"அந்தக் கை என்னுதும்மா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா! அப்ப இன்னும் நல்லதாப் போச்சு!"

"நல்லதில்ல. இதுல குத்தியிருக்கற வருஷம் நான் அங்க இல்ல. ரிட்டயர் ஆயிட்டேன். என் பஞ்சை அழிச்சிருக்கணும். நான் அழிக்க விடல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாணைச் சக்கரம், சந்தனம், குங்குமம், பலகை. சொல்லச் சொல்ல, அந்த அம்மாளைப்பற்றி இரண்டு நாள்களாக நான் சேர்த்து வைத்திருந்த ஐயங்கள் ஒவ்வொன்றாக என்மீதே வந்து அமர்ந்தன. கயிற்றையும் தையலையும் இழுத்துப் பார்த்தவன் நான். அந்தக் கொட்டகையின் கதவில் வஞ்சகத்தைக் கண்டவன் நான். என் பஞ்சைச் சந்தேகிக்க ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

மருமகன் மெதுவாகக் கேட்டார். "மாமா, ஒருவேளை டெஸ்ட் பண்ணிட்டே குத்தியிருக்கலாம் இல்ல? இவ்ளோ தூரம் வந்துட்டோம். ஒரு இருபது நிமிஷம்தான்."

"இருக்கலாம்."

"அந்த ஒண்ணு நல்லா இருக்குதே. அதை இவ போட்டுக்கினு..."

"தனியா யாரையும் எறக்க மாட்டேன்" என்றார் அம்மாள். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மகள் குகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வாரைத் தளர்த்தி, சிலிண்டரை முதுகிலிருந்து இறக்கினாள். "தொறந்து பாத்துடலாம்" என்றாள்.

நிரம்பிய சிலிண்டரை அவசரமாகக் காலி செய்யக் கூடாது. வால்வைச் சிறிதே திறந்து விட்டோம். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. வால்வின் கழுத்தில் பனி படிந்தது. அந்த நேரத்தில்தான் குகைக்குள் வெயில் இறங்கியிருக்க வேண்டும். வாயிலின் இருட்டுக்குள்ளிருந்து நீர் பால்பச்சையாகப் பொங்கி ஒளிர்வது படகிலிருந்தே தெரிந்தது. படகோட்டி கையை நீட்டிக் காட்டினார். அவள் தலையைத் திருப்பவில்லை. சீறல் அடங்கியதும் மருமகன் படகின் பெரிய ஸ்பேனரை மாட்டி வால்வைக் கழற்றினார். அதில் அவர் கை தேர்ந்தவர்.

பவளத்துக்குச் சிவப்பைத் திருப்பித் தரும் தன் விளக்குகளில் மிகச் சிறியதை எடுத்து, மகள் அதைச் சிலிண்டரின் வாய்க்குள் விட்டாள். பக்கத்தில் லென்ஸை வைத்தாள். குகையைப் படமெடுக்க வந்தவள் இரும்புக்குள் எடுத்த படம் கேமராவின் சிறுதிரையில் தெரிந்தது. உட்சுவர் முழுவதும் செதில் செதிலாகத் துரு. அடியில் ஒரு கரண்டி அளவு கலங்கல் நீர். துரு சும்மா கிடப்பதில்லை. இரும்பை மெலிய வைப்பதோடு, மூடிக்கிடக்கும் காற்றில் மூச்சுக்கு வேண்டிய பங்கையும் மெல்ல மெல்லத் தின்றுவிடும். இதை ஒருவர் ஒருமுறை விளக்கு விட்டுப் பார்த்திருந்தால்கூட ஆக்கருக்குத்தான் அனுப்பியிருப்பார். சோதிக்காமலே என் சூலத்தைக் குத்தியிருக்கிறார்கள்.

அம்மாள் நெடுநேரம் திரையைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா இதுலதான் புள்ளைங்கள எறக்கிட்டிருக்கேன்" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் படகோட்டியிடம் நங்கூரத்தை எடுக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் மகள் என் பக்கத்தில் அமர்ந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"வேற எத்தினி சிலிண்டர்ல குத்தியிருப்பாங்க நைனா?" என்றுதான் கேட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாளே அந்தப் படத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். மகளும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் என் இடத்துக்கு வந்திருப்பவர் என்னோடு பதினைந்து ஆண்டுகள் வேலை செய்தவர்தான். "வாங்க சந்தேகசாமி" என்று எழுந்தார். படத்தை மேசைமேல் வைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

"டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்புனோம்."

"இதையா?"

சுவரைப் பார்த்தார். சாமி படத்தின் கீழே பலகையில் காய்ந்த பூக்கள் இருந்தன. "என்னோட பஞ்ச் ஒருநாள் உடைஞ்சிடுச்சி சார். புதுசுக்கு எழுதிப்போட்டா வர லேட்டு. லோடு வெளிய நிக்கிது, லாரிக்காரரு கத்துறாரு. சாமி கிட்ட ஒரு சூடத்தைக் கொளுத்திட்டு உங்களுதை எடுத்தேன். அப்புறம் பாத்தா, உங்க குறின்னா யாரும் கேள்வியே கேக்கறதில்ல. அதான் அப்பப்ப..."

"அப்பப்ப டெஸ்ட்டும் பண்ணல."

 அவர் தலை நிமிராமலே சொன்னார்: "அன்னிக்கு நீங்கதானே சார் அரைக்கக் கூடாதுன்னீங்க."

 பஞ்சைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார், குங்குமம் எண்ணெயோடு சேர்ந்து கறுத்து, இலைகளின் இடுக்கில் அப்பியிருந்தது. சாணைச் சக்கரத்தை ஓடவிட்டு, நானே அதன் முகத்தை வைத்தேன். பொறி பறந்தது. சில நொடி வேலைதான். நமச்சிவாய என்று வாய் தன்போக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் வழிபாடு என்று எண்ணிக்கொள்ளவில்லை. சிலிண்டர்களுக்கான அரசு ஆய்வு அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் என் பிழையை முதல் பத்தியிலும் அவர்களுடையதை இரண்டாம் பத்தியிலும் எழுதினேன். அதைப் படித்த மருமகன், "இன்னா மாமா, உங்க தலைய நீங்களே நீட்டறீங்க?" என்றார். ஆனால் பத்திகளை மாற்றச் சொல்லவில்லை.

விசாரணை நடக்கிறது, கூடத்தைப் பூட்டியிருக்கிறார்கள். அது தன் வேகத்தில் நடக்கட்டும். அன்று கூடத்தின் பதிவேட்டிலிருந்து மகள் கைபேசியில் எடுத்துவந்த பக்கங்களைக் கொண்டு, எங்கெங்கு அந்தச் சிலிண்டர்கள் போயின என்று ஒரு பட்டியல் எழுதியிருக்கிறோம். ஊர்களும் கடைகளும் மட்டும் தெரிகின்றன; பல இடங்களில் கிறுக்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பு நான் திருவாலங்காட்டுக்குத் திருவாசக முற்றோதலுக்குப் போவேன். இப்போது அவளும் நானும் பட்டியலோடு கிளம்புகிறோம். நான் ஓய்வு பெற்றபின் குத்தப்பட்ட ஒன்பது சூலங்களை இதுவரை கண்டுபிடித்திருக்கிறோம். இரண்டு வெல்டிங் கடைகளில், ஒன்று பலூனுக்கு வாயு அடைப்பவரிடம், மற்றவை நான் நினைத்தே பார்க்காத இடங்களில்.

சென்ற ஞாயிறு காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. வாயிலின் உட்புறம் சிலிண்டர்கள் சங்கிலியில் கட்டி நின்றன. மகள் வண்டியை நிறுத்துவதற்குள் நான் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் சிலிண்டரின் தோளைத் தடவத் தொடங்கிவிட்டேன்.

"ஏய், யாரு பெருசு நீ?" என்று காவலாளி ஓடிவந்தார். "சிலிண்டர இன்னாத்துக்குத் தடவிக்கினு நிக்கிற? நெத்தி நெறைய பட்டை போட்டுக்கினு திருட வந்தியா?"

"திருட வரலப்பா. இதுல ஒரு குறி இருக்குதான்னு பாக்கணும்."

"இன்னா குறி?"

"என் குறி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். என் ஆதார் அட்டையை வாங்கிப் புகைப்படத்தையும் என் முகத்தையும் இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "ஓனருக்குப் போன் போடறேன், அது வரைக்கும் கைய மடியில வெச்சிக்கினு குந்து" என்றார். அமர்ந்தேன். நான் இருந்த இடத்திலிருந்து மூன்றாவது சிலிண்டரின் தோள் தெரிந்தது. எழுத்துகளின்மேல் வண்ணம் தடித்துக் கிடந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிப்பதற்காகக் காத்திருந்தேன்.